போகும்போது ஒன்றரை, வரும்போது ஆறரை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. அங்கே நீயும், இதை உனக்குப் படித்துக் காட்டப்போகிற உன் மகளும் நலமாக இருக்க வேண்டும். (மருமகளே, நடுவில் சிரிக்காமல் படி.)

நிற்க. கண் டாக்டர் சொன்னதை மருமகள் போனில் சொன்னாள். "முழுசா மங்குறதுக்குள்ள ஒரு தடவை வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போண்ணே" என்று பின்னாலிருந்து நீ கத்தியதும் கேட்டது. மறுநாளே டிக்கெட்டும் வந்துவிட்டது. "மாமா, மூவாயிரம் கிலோமீட்டர்தான், நாலு மணி நேரம்தான்" என்கிறாள். ஆனால் நான் வருவதற்கில்லை. காரணம் அந்த டிக்கெட்டிலேயே இருக்கிறது.

காலை ஒன்பதுக்கு ஏறினால் பத்தரைக்கு இறங்கலாமாம். திரும்பும்போது இரண்டுக்கு ஏறினால் எட்டரைக்குத்தான் இறக்கமாம். போக ஒன்றரை, வர ஆறரை, நாலு என்பது எங்குமே இல்லை! பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான், ஏழு நிமிஷம் லேட்டாக வந்த டிரைவருக்கே மெமோ கொடுத்த கை இது, அதே தூரம், வழியில் ஒரு ரயில்வே கேட் கூடக் கிடையாது, அப்புறம் ஐந்து மணி நேரத்தை எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? டிக்கெட் ஏஜென்சிக்கே போய்க் கேட்டுவிட்டேன். "சார், அந்த ஊர்ல மணி ரெண்டரை மணி நேரம் பின்னாடி" என்றாள் அங்கிருந்த பெண். "பின்னாடி இருந்தா முள்ளைத் திருப்பி வெக்க வேண்டியதுதானேம்மா?" என்றேன். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

குடித்துக்கொண்டிருந்தபோது உன் கணக்கு ஞாபகம் வந்தது. பெரியப்பா ஊர் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும், "ரெண்டு தூக்கம், ஒரு வாந்தி" என்பாயே! ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. செங்கல் சூளை வரை முதல் தூக்கம், பாலத்தில் வாந்தி, கடைசி நிறுத்தம் வரை அடுத்த தூக்கம். ஜன்னலோரம் உனக்கு, வாந்தி என் சட்டைக்கு. தோள் மரத்துப்போனாலும் அசையமாட்டேன், அசைந்தால் முழித்துக்கொண்டு "இன்னும் எவ்வளவுண்ணே?" என்று ஆரம்பித்துவிடுவாய். அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளுக்கு நேரம் எழுதிவிட்டேன், அவ்வளவு சீக்கிரம் முடிந்த பயணம் ஒன்றுமில்லை. உன்னைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

மறைப்பானேன், எனக்குப் பயம். பிளேனுக்கு இல்லை. நீ கடைசியாகப் பார்த்தபோது எனக்குத் தலை நிறைய முடி இருந்தது, இப்போது விழுந்துவிட்ட முன்பல் மூன்றும் இருந்தன. உன் கண்ணில் கடைசியாக நிற்கப்போகிற அண்ணன் இந்த வழுக்கைக் கிழவனாகவா இருக்க வேண்டும்? பழைய மூஞ்சியையே வைத்துக்கொள்ளம்மா, அது நன்றாக இருக்கும். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிடு.

சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். நீங்கள் இருவரும் நூறாண்டு இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்.

பி.கு.: தபால் நிலையத்தில் விசாரித்தேன். இந்தக் கடிதம் வந்து சேரப் பன்னிரண்டு நாளாகுமாம். பிளேன் வருகிற வியாழக்கிழமை. ஆகவே இது வரும்போது நான் உன் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். மருமகளிடம் கொடுத்துவிடாதே. நானே படித்துக் காட்டுகிறேன். நீ என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிரு.