சிட்டிகை பார்த்துக் கொடுத்த அறை

தங்குவதற்கு அறை பார்க்கத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். மற்றவர்கள் எல்லோரும் கட்டிலை அமுக்கிப் பார்க்கிறார்கள், ஏசியைத் தட்டிப் பார்க்கிறார்கள், ஜன்னலைத் திறந்து கடல் தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறார்கள். சிட்டிகை ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயர் லைசென்ஸில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். ஊரில் அவர் சிட்டிகைதான். இருபது வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவர். முட்டி போனதும் ஆட்டோவுக்கு மாறினார், ஆனால் உப்பை விடவில்லை. காக்கிச் சட்டைப் பையில் பழைய ஃபிலிம் ரோல் டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். அதற்குள் உப்பு. டீயில் ஒரு சிட்டிகை, வெள்ளரிப் பிஞ்சில் ஒரு சிட்டிகை, எதிரில் நிற்பவர் கோபமாகப் பேசினால் தன் நாக்கிலேயே ஒரு சிட்டிகை. அது கரையும்வரை பதில் சொல்ல மாட்டார். பஸ் ஸ்டாண்டில் பாதிச் சண்டை இதனாலேயே நடக்காமல் போயிருக்கிறது.

மரக்காணத்துக்கு வருகிறவர்கள் சோழர் காலத்துச் சிவன் கோயிலைப் பார்க்க வந்தோம், பழைய துறைமுகத்தைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொள்வார்கள். பாதிப் பேர் வருவது நண்டுக்கும் இறாலுக்கும். சிட்டிகைக்கு இது தெரியும். "கல்வெட்டு எங்கயும் போவாதுங்க. வாள மீனு பதினோரு மணிக்கு மேல இருக்காது. மொதல்ல ரூம பாப்போம்" என்று பெட்டியைத் தூக்கிவிடுவார்.

ஆட்டோவில் ஏறியதும் விசாரணை ஆரம்பிக்கும். "நேத்து நைட்டு இன்னா சாப்ட்டீங்க?" சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பீட்ஸா என்று உண்மையைச் சொல்லிவிட்டது. சிட்டிகை அவர்களை ஊருக்குள்ளேயே கொண்டுபோகவில்லை. ஈசிஆர் மேலே ஒரு லாட்ஜில் இறக்கிவிட்டு, "உங்களுக்கு இதுவே போதும்" என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்களாம்.

புதிதாகக் கட்டிய லாட்ஜ் ஒன்றில் ஒருமுறை தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்து, வாசல் செடிக்குத் துப்பினார். "இந்தத் தண்ணில பருப்பு வேகாது. வாங்க போலாம்." மேனேஜர் கையில் சாவியோடு நிற்க, அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் பெட்டிகளோடு வரிசையாக வெளியே வந்தார்கள். அந்த மேனேஜர் ரோஷப்பட்டு அடுத்த வாரமே தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் மாட்டினார். சிட்டிகையைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் கொடுத்தார். குடித்துவிட்டு இவர் வருத்தமாகச் சொன்னார்: "போன வாரம் உப்பா இருந்துச்சு. இப்ப செத்தே போச்சு."

இப்படிப்பட்டவரிடம்தான் நான் போய் மாட்டினேன்.

அப்போது என் பிழைப்பு ஒரு வாரப் பத்திரிகையில் சாப்பாட்டுப் பத்தி. நாக்கை நம்பி வாழ்கிறவன். அந்த நாக்கும் மூக்கும் ஒரு காய்ச்சலோடு சேர்ந்து லீவு போட்டுவிட்டன. காய்ச்சல் போனது, இவை இரண்டும் திரும்பி வரவில்லை. காபி வெந்நீராக இருந்தது, பிரியாணி சூடான பஞ்சாக இருந்தது. டாக்டர், "வரும், ஆனா எப்போன்னு சொல்ல முடியாது" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் பழைய பத்திகளிலிருந்து 'காரசாரம்', 'மணக்க மணக்க' போன்ற சரக்குகளை எடுத்து ஒட்டி ஓட்டினேன். எடிட்டருக்குத் தெரிந்தால் பத்தி வேறு ஆளுக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய பயம், இனிமேல் வாழ்நாள் முழுக்க இப்படியேதானா என்பது. அதை யோசிக்காமல் இருக்கத்தான் பொய் எழுதிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சமயம் பார்த்து எடிட்டர், "மரக்காணத்துல சாப்பாட்டுப் பிரியர்கள் எங்கே தங்கலாம்னு ஸ்பெஷல் இஷ்யூவுக்கு ஒரு கட்டுரை" என்றார்.

சிட்டிகை என்னை மேரியக்கா வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார். மேரியக்கா கடலோரக் குப்பத்தில் கருவாடு போடுகிறவர். மாடியறையை வாடகைக்கு விட்டு, தங்குகிறவர்களுக்குச் சமைத்தும் போடுவார். "சார் பத்திரிகைல எழுதறவரு. ஊருலயே நல்ல தண்ணி இந்தத் தெரு பைப்புலதான்" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவதாகச் சவாரிக்குப் போனார்.

அன்று நடந்தது மூன்று விஷயங்கள். குழாய்த் தண்ணீர்க் குடத்துக்குப் பதிலாக, பாத்திரம் கழுவும் போர்த் தண்ணீர்க் குடத்திலிருந்து மொண்டு மேரியக்கா மீன் குழம்பைக் கூட்டிவிட்டார். உப்பளத்துக்குப் பக்கத்து போர், தண்ணீரே பாதி உப்பு. அதன்மேல் வழக்கமான உப்பையும் போட்டுவிட்டார். மூன்றாவது, அது தவக்காலம். ஈஸ்டர்வரை அவர் வாயில் மீன் படாது, அதனால் ருசி பார்க்கவில்லை. வழக்கமாக முதலில் ருசி பார்க்கும் சிட்டிகையோ டயர் பஞ்சராகி வழியில் நின்றுகொண்டிருந்தார்.

நான் உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன். "புளியும் மீனும் ஒண்ணையொண்ணு தெரிஞ்சுவெச்சுப் பழகியிருக்கு, அக்கா. உப்பு, கச்சிதம்னா இதுதான் கச்சிதம்" என்று பத்தி எழுதும் குரலில் சொன்னேன். அக்கா முகமெல்லாம் மலர்ந்தது. ஏனோ எனக்குத் தாகம் மட்டும் அடங்கவில்லை. மூன்றாவது சொம்பு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சிட்டிகை வந்தார். ஒரு வாய் வைத்தார். மென்றபடியே என் தட்டைப் பார்த்தார், காலிச் சொம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மேரி, தண்ணி மாறிப் போச்சு பாரு. குழம்ப எடுத்துக்கினு போ" என்றார் மெதுவாக. அக்கா திடுக்கிட்டு உள்ளே போனதும் என் பக்கம் திரும்பினார்.

"எத்தினி நாளா?"

"எது?"

"நாக்கு."

டாக்டருக்குப் பிறகு இதை நான் சொன்ன முதல் ஆள் சிட்டிகைதான். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் டப்பாவைத் திறந்து தன் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டார். கரையும்வரை பேசவில்லை.

"தம்பி, உனக்கு இந்த ரூம் வேணாம்" என்றார். சார் போய்த் தம்பி ஆகிவிட்டேன். "வேற ரூம் இருக்குது. மூக்கு இருக்கறவன் யாரும் தங்க மாட்டான். உனக்குன்னே கட்டினது."

அது மேரியக்காவின் கருவாட்டுக் களத்துக்கு மேலேயே இருந்த அறை. சாமான் போட்டுவைக்கிற இடம். அக்கா கைகழுவிக்கொண்டே கேட்டார், "அங்கயா? அங்க பூனைங்கதான் தங்கும்."

"அதுங்களுக்கு ருசி தெரியும்" என்றார் சிட்டிகை.

அன்றிலிருந்து தினமும் காலையில் டீயோடு வருவார். என் கண்ணைத் துண்டால் கட்டி, மூக்குக்கு நேரே ஒவ்வொன்றாக நீட்டுவார். காபித்தூள், கொத்தமல்லி, நெத்திலிக் கருவாடு. "இது இன்னா?" கருவாட்டை நான் மல்லிகைப்பூ என்றேன். "பரவால்ல, ஏதோ ஒண்ணு சொல்ற. நேத்து அதுவும் சொல்லல" என்றார். கீழே கருவாடு புரட்டும் பெண்கள் இந்தக் கூத்தைப் பார்க்கவென்றே கொஞ்சம் சீக்கிரம் வரத் தொடங்கினார்கள்.

ஒன்பதாம் நாள் எடிட்டர் போன் செய்தார். நாளைக்குள் கட்டுரை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். நான் சிட்டிகையிடம் கெஞ்சினேன். "அண்ணா, நீங்க ருசியச் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

"என் நாக்குல நீ எப்பிடி எழுதுவ? உனக்குத் தெரிஞ்சத எழுது."

எனக்குத் தெரிந்தது என்ன? ருசியே தெரியாமல் ஒருத்தன் சாப்பாட்டு ஊரில் அறை தேடிய கதைதான். அதைத்தான் எழுதினேன். டம்ளர் தண்ணீர், தெருக் குழாய், பதினோரு மணி, இரண்டு குடம், என் பொய் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டு, வேலை போயிற்று என்று உட்கார்ந்திருந்தேன். மாலையில் எடிட்டர் கூப்பிட்டார். "ஏன்யா, மொதல்லயே சொல்றதுக்கென்ன? அந்த மூணு வாரப் பத்தியும் நல்லாவே இல்ல. இது நல்லாருக்கு. போடறேன்."

மறுநாள் ஊருக்குக் கிளம்பினேன். சிட்டிகை பெட்டியைப் பிடுங்கி மறுபடி மேலே வைத்தார். "வேல முடிஞ்சிது. மூக்கு முடியலியே."

அதற்கு மூன்றாம் நாள் காலை. தூக்கத்திலேயே யாரோ என் தொண்டைக்குள் கையை விட்டது போலிருந்தது. எழுந்து உட்கார்ந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கி ஓடினேன். களத்து ஓரத்தில் ஆட்டோவில் சிட்டிகை டீக் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, நாறுது" என்றேன். அழுதேன்.

அவர் டீயில் ஒரு சிட்டிகை போட்டு என்னிடம் நீட்டினார். அது கரித்தது. பிறகு விறுவிறுவென்று மேலே போய் என் பெட்டியைத் தூக்கி வந்தார். "இந்த நாத்தத்துல மனுசன் இருப்பானா? மேரி வூட்டு மாடிக்குப் போ."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். மேரியக்கா சரியான குடத்திலிருந்து தண்ணீர் எடுத்து, தானே மூன்று முறை ருசி பார்த்து, கெளங்கா மீன் குழம்பு வைத்தார். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, எந்தப் பத்தியிலும் எழுதவும் இல்லை.

மூக்கு தானாகவே வந்திருக்கும் என்கிறார் டாக்டர். இருக்கலாம். ஆனால் வந்துவிட்டதா என்று தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் ஆட்டோ ஓட்டி வந்து கேட்டவர் டாக்டர் இல்லை.

இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை போகிறேன். மேரியக்கா மாடியறையைப் பெருக்கி வைத்திருப்பார். நான் கருவாட்டுக் களத்து அறையைத்தான் கேட்டு வாங்குவேன். காலையில் கீழேயிருந்து ஒரு குரல் வரும்.

"தம்பி, நாறுதா?"

"நல்லா நாறுதுண்ணா."

இதைக் கேட்ட பிறகுதான் அவர் தன் டீயைக் குடிக்கிறார்.