வார்சிட்டோ பெருக்காத முற்றம்

வார்சிட்டோ விளக்குமாற்றைத் துறந்தார். சந்நியாசிகள் எதையெதையோ துறக்கிறார்கள். இவரால் முடிந்தது இதுதான்.

ஜாவாவில் பந்துல் பக்கம் விடியும்போதே வீட்டுக்கு வீடு முற்றம் பெருக்கும் சத்தம் கேட்கும். ஒரு வீட்டு வாசலில் நாலு இலை கிடந்தால், உள்ளே யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரிக்க ஆள் வந்துவிடும். வார்சிட்டோ தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்கே, அவர் பெண்டாட்டி லாஸ்மி அந்த வேலையை அவர் தலையில் கட்டிவிட்டாள். அவருக்கோ காலையில் காப்பியும் கையுமாக முற்றத்துக் கம்பத்தடியில் உட்கார்ந்து, உச்சியில் தொங்கும் கூண்டைப் பார்த்துச் சீட்டியடிக்க வேண்டும். கூண்டில் இருந்தது பெர்குதுத் என்கிற குட்டிப் புறா. அதுதான் அவர் உயிர். பர்ஸில் பேரன் படம் கிடையாது, புறா படம் இருந்தது.

விமோசனம் ரேடியோவில் வந்தது. தோட்டத்து இலையை அள்ளாதீர்கள், எரிக்காதீர்கள், மருந்தடிக்காதீர்கள், மட்கினால் மண்ணுக்கு உரம், பூச்சி புழுவுக்கு வீடு என்று ஓர் அம்மாள் பேசினாள். அவருக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை காலம் சோம்பேறி என்று பேர் வாங்கிய மனுஷன், இயற்கைக் காவலனாக அல்லவா இருந்திருக்கிறார்!

“இனிமே ஒரு இலையத் தொடமாட்டேன். மண்புழுவுக்கு என்னால துரோகம் பண்ண முடியாது” என்று லாஸ்மியிடம் அறிவித்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக நின்றார்.

“நல்ல காரியம்தான் மாஸ்” என்று அவள் வாணலியில் டெம்பே என்கிற சோயா வில்லையைத் திருப்பிப் போட்டாள். மாஸ் என்பது அங்கே புருஷனை மரியாதையாகக் கூப்பிடுவது. மரியாதை கூப்பிடுவதோடு சரி. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மழை பிடித்ததும் கணுக்கால் புதைய முற்றத்துச் சப்போட்டா மரத்து இலை சேர்ந்தது. அடியில் மண் கறுத்துப் பொலபொலத்தது. அரணை வந்தது, தேரை வந்தது. எல்லாம் தான் பெற்ற பிள்ளைகள் என்கிற மாதிரி போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார்.

ஒரு நாள் லாஸ்மி தெருப் பெண்களையெல்லாம் தோட்டம் பார்க்க அழைத்து வந்தாள். கூட்டத்தைக் கண்டதும் வார்சிட்டோவுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஜீவனையும் விரட்டவும் கூடாது, அடைக்கவும் கூடாது என்று வெளுத்து வாங்கினார். சரியாக அந்த நேரம் பார்த்து மேலே புறா கூவியது.

பக்கத்து வீட்டு சுமார்னி அண்ணாந்து பார்த்தாள். “அப்ப அது?”

அவர் வாயைத் திறக்குமுன் லாஸ்மி முந்திக்கொண்டாள். “அதையும் இன்னைக்குத் திறந்து விடப்போறார். அதுக்குத்தானே உங்களையெல்லாம் வரச் சொன்னேன்.”

அவருக்கே அது புதுச் செய்தி. ஆனால் பெண்கள் கைதட்டிவிட்டார்கள். கயிற்றை இறக்கிக் கூண்டைத் திறந்தார். புறா அவரைப் பார்த்தது, இலைக் குவியலைப் பார்த்தது. வேலியைத் தாண்டிப் போய், சுமார்னி வீட்டு முற்றத்தில் இறங்கியது.

அதற்கப்புறம் அது அங்கேயேதான் மேய்ந்தது. இவர் வேலியோரம் நின்று வாய் வலிக்கச் சீட்டியடித்தார், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுமார்னியின் புருஷன் வேறு அதற்குச் சீட்டியடிக்கத் தொடங்கிவிட்டான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே அழுதுவிட்டார்.

லாஸ்மிக்குப் பாவமாகத்தான் இருந்தது. “பெர்குதுத் இலைக்குள்ள இறங்காது மாஸ். தீனி கண்ணுக்குத் தெரியணும் அதுக்கு. சுத்தமாப் பெருக்கின தரையிலதான் மேயும்.”

“இது உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“எங்கப்பாவும் வளர்த்தவர்தானே.”

“அப்ப மண்புழு?”

“பெருக்கினதை மரத்தடியில குவிங்க. அதுங்க பாட்டுக்கு அங்க இருந்துட்டுப் போகுது.”

மறுநாள் விடியற்காலையில் தெருவே திரும்பிப் பார்க்கும்படி வார்சிட்டோ பெருக்கினார். இலையை மரத்தடியில் தள்ளி, நடுமுற்றத்தைத் துடைத்த தட்டு மாதிரி ஆக்கி, தினையைத் தூவிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலிமேல் வந்து உட்கார்ந்த புறா, தயங்கித் தயங்கி அவர் காலடியிலேயே இறங்கியது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்குமாற்றை மெல்லச் சுவரில் சாய்க்கப் போனார்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “அது கிணத்தடியிலயும் மேயும், மாஸ்.”