சின்னத் தட்டும் பெரிய சோகமும்

ஒரு விடுகதை போடுகிறேன், அவிழ்த்துப் பாருங்கள். கறுப்புத் தட்டு ஒன்று. அதில் இருப்பது ஒரே பாட்டு. அப்பா கேட்டால் அழுவார், மகள் கேட்டால் ஆடுவாள். ஏன்?

தெரியவில்லையா? கவலை வேண்டாம். அந்த அப்பாவுக்கே தெரியவில்லை.

அவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். நாளுக்குப் பத்து விநாடி பிந்துகிற கடிகாரத்தைக்கூட விடமாட்டார். ஒருநாள் பழைய சாமான் கடையில், உடைந்த குடைகளுக்கு அடியில், அவருக்கு ஒரு சின்ன இசைத்தட்டு கிடைத்தது. கார் கொட்டகையில் கிட்டார் அடித்துப் பழகி, இந்த ஒரே தட்டைப் போட்டு, ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்காததால் கலைந்துபோன பிரெஞ்சு ‘பங்க் ராக்’ இசைக்குழுவினுடையது என்றார் கடைக்காரர்.

அன்றே முன்னறை ஜன்னலோர மேசையில் ரெக்கார்டு பிளேயர் குடியேறியது. தட்டு சுற்றும். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கனத்த குரல் முனகும். கடிகாரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

“என்ன சோகம் பாரு! உலகமே மறந்த குழு. நான்தான் மீட்டெடுத்திருக்கேன்.”

“அட்டையில ஒரு பொண்ணுல்ல மைக்கைக் கடிச்சிக்கிட்டு நிக்குது? பாடுறது ஆம்பளைக் குரலா இருக்கே?” என்றாள் மனைவி.

அவருக்கும் அதே குழப்பம்தான். விட்டுக்கொடுக்க முடியுமா?

“துக்கத்துல அவளுக்குத் தொண்டை அடைச்சிருக்கும்.”

“இருக்கட்டும். அந்த மேசை எனக்கு வேணும், தையல் மெஷினைப் போட. உள்ளறையில வெளிச்சமே இல்லைங்க. நேத்து கறுப்புச் சட்டையை நீல நூல்ல தச்சு வச்சிருக்கேன்.”

“இது வெறும் பெட்டியில்ல. கலை!”

“கலை கட்டிலுக்கு அடியிலயும் பாடும்.”

வழக்கு ஆறு வயது மகளிடம் போயிற்று. பாட்டு முடியும்வரை அவள் உட்கார்ந்து கேட்டால் மேசை அப்பாவுக்கு. நடுவில் எழுந்தால் அம்மாவுக்கு. நிபந்தனை போட்டவர் அவரேதான். அந்தப் பாட்டில் மகள் இரண்டு முறை உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். அந்தத் தைரியம்.

“இருங்க, தூசி தட்டிடறேன்” என்று மனைவி ஒரு வெட்டுத் துணியால் பிளேயரை நாலு பக்கமும் துடைத்தாள்.

முள் இறங்கியது. தகரக் கூரையில் கல்மழை! ஒரு பெண் கத்தினாள், சிரித்தாள், மறுபடியும் கத்தினாள். மகள் நாற்காலியிலிருந்து பந்தாய் எழும்பி ஆட ஆரம்பித்தாள்.

“யாரு இது? தட்டை மாத்திட்டியா?”

அவர் தட்டைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

“அதே தட்டுதாங்க. சின்னத் தட்டு வேகமாச் சுத்தணும். ஓரத்துல ஒரு விசை இருக்கு பாருங்க, அதைப் பெரிய தட்டுக்கான இடத்துலயே விட்டிருந்தீங்க. பாட்டு இத்தனை நாளா ஊர்ந்துக்கிட்டிருந்துச்சு.”

கடிகாரக்காரர் தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“முதல் நாளே. நீங்க அவ்வளவு ஆசையா அழுதீங்க. கெடுக்க மனசு வரலை.”

மேசை கைமாறியது. பிளேயர் எங்கே போவது? கட்டிலுக்கு அடியிலா, அப்பாவின் அலமாரி மேலா? ஒரு நப்பாசையில் அதையும் மகளிடமே கேட்டார்.

தன் அறையில் வைக்கச் சொன்னாள் மகள். அப்பா கதவைத் தட்டிவிட்டு வரலாம் என்றாள்.