சபையில் குடித்த காபி

சுருளிப்பட்டி,
ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்.

கர்த்தருக்குள் பிரியமான மருமகள் ஜெபஷீலாவுக்கு, உன் தாய்மாமன் தானியேல் கர்ணன் தலைகுனிந்து எழுதுவது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நீயும் உன் நோயாளிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே எனக்கு உடம்பு சுகம், உள்ளேதான் சுகமில்லை. போனில் சொல்லலாம்; ஆனால் வாயைத் திறந்தால் எனக்குக் கதை வளர்ந்துவிடும். எழுதினால் கை வலித்தாவது நிறுத்துவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் உன் அப்பாவின் திராட்சைப் பந்தலில் நாலு கொடியில் செவட்டை நோய் விழுந்ததைப் பார்த்துவிட்டு, வியாபாரியிடம், "பந்தலே போச்சுப்பா, மேகமலை வரைக்கும் நாறுது" என்று ஒரு ருசிக்காக அளந்துவிட்டேன். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். பழமெல்லாம் கொடியிலேயே வற்றியது. அன்றிலிருந்து உன் அப்பா, பொன்னுராஜ் மச்சான், என்னோடு பேசுவதில்லை, அது நியாயம்தான்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு தொடங்கியபோது போதகர் ஆளுக்கொரு அட்டை கொடுத்து, நாற்பது நாளில் விடவேண்டிய ஒரு குணத்தை எழுதச் சொன்னார். மற்றவர்கள் டீ, சீரியல் என்று எழுத, நான் 'கதை அளப்பது' என்று எழுதினேன். விட்டேனே! நான் பேசிய உண்மைகளைக் கேட்டு சுருளி அருவியே ஒரு நிமிஷம் விழாமல் நின்றது. (இந்த வரியை அடித்துவிட்டுப் படி.)

ஈஸ்டர் ஆராதனையில் போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். மைக் கைக்கு வந்ததும் பழைய ஆவி புகுந்துகொண்டது. பெரிய வெள்ளியன்று மச்சான் வீட்டுக்குப் போனேன், காலில் விழுந்தேன், அவர் தூக்கி அணைத்தார், எங்கள் கண்ணீரில் வாசப்படி நனைந்தது, அக்கா தந்த காபியை அழுதுகொண்டே குடித்தேன் என்றெல்லாம் சொன்னதில் சபையே விம்மியது. நான் போகவே இல்லை ஆத்தா. மூன்றாம் பெஞ்சில் மச்சான் இருக்கிறார். போதகர் சும்மா விடுவாரா? "பொன்னுராஜ் ஐயா, நீங்களும் ஒரு வார்த்தை" என்றார். மச்சான் எழுந்து என்னையே பார்த்தார்.

"ஆமா ஐயா. மாப்பிள்ளை வந்தாக."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போக, அவர் மட்டும் தலையைக் குனிந்து பெஞ்சிலேயே இருந்தார். பொய் சொன்ன வாயோடு அப்பம் வாங்க அவருக்கு மனசில்லை. அந்தப் பொய்யைக் கொடுத்த நான் முதல் வரிசையில் போய் வாங்கினேன். அது இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

ஞாயிறிலிருந்து உங்கள் வாசலுக்கு நூறு தடவை போய்த் திரும்பிவிட்டேன். நீ அப்பாவுக்குப் போன் போட்டு, "மாமா வர்றாக, நாயை அவிழ்த்து விட்ராதீக" என்று மட்டும் சொல்லு. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் நாக்கு என் நாக்கைப் போல் வளராமல் காப்பாராக.

வெட்கத்துடன்,
மாமா.

பின்குறிப்பு: போன் வேண்டாம். நூறு தடவை என்றது பொய். ஒரே தடவை, அதுவும் தெருமுனை வரைக்கும். இதைத் தபாலில் போடப் போன வழியில் மச்சான் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு வைத்திருந்தேன். "தப்புப் பண்ணிட்டேன் மச்சான்" என்பது மட்டும்தான் வந்தது. அவர் கையிலிருந்த பைப்பைக்கூடக் கீழே போடவில்லை.

"உள்ள வாங்க. சபையில குடிச்ச காபிய இங்கனயும் வந்து குடிச்சுட்டுப் போங்க. என்னையப் பொய்க்காரனா விட்ராதீக" என்றார்.

கவரைப் பிரித்து உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். யாரும் அணைக்கவில்லை, அழவில்லை. அக்கா சர்க்கரை போட மறந்துவிட்டாள். முழு டம்ளரையும் குடித்துவிட்டேன்.