வயரின் மறுமுனையில் எழுதியிருந்த பெயர்

திருவனந்தபுரம்,
திங்கட்கிழமை காலை.

கர்த்தரின் கிருபையால் கோயம்புத்தூரில் சுகமாயிருக்கும் என் அண்ணன் மகன் ரதீஷுக்கு, அத்தை ஜெயபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உன் மாமாவும் சரீரத்தில் சுகம். மனசைப் பற்றிக் கேட்காதே. இதை நின்றுகொண்டு வாசிக்காமல் உட்கார்ந்து வாசி, வாசித்த கையோடு பதில் எழுதி விரைவுத் தபாலில் போடு. வெள்ளிக்கிழமைக்குள் அது வந்து சேராவிட்டால், ஒரு பெண்பிள்ளையின் கல்யாணத்தை நான் கெடுத்ததாக ஆகிவிடும்.

நீ மாற்றலாகிப் போகும்போது சபையின் மைக் செட்டை என்னிடம் ஒப்படைத்து, "அத்தே, வயரெல்லாம் ஒரே கறுப்பு. ரெண்டு முனையிலயும் எழுதி ஒட்டுங்க, எது எதுல சேரும்னு பாத்தவுடனே தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனாய். நம்பர் போட்டால் எனக்கு நிற்காது. ஆனால் நம் சபையில் யார் யாருடைய வீட்டுக்காரர் என்பது கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அதனால் மைக் முனையில் பாடுகிற பெண்ணின் பெயரும், மெஷின் முனையில் அவள் வீட்டுக்காரர் பெயரும் எழுதி, ஜெபம்பண்ணி ஒட்டினேன். இந்தப் பக்கம் ரெஷ்மா என்றால் அந்தப் பக்கம் பிரதீஷ். இதில் என்ன தப்பு, நீயே சொல்லு. ஆர்ஷாவுக்கு மட்டும் இன்னும் கல்யாணம் ஆகலை. அவ வயருக்கு அந்தப் பக்கம் என்ன எழுதினேன்னு எனக்கு ஓர்மையே இல்ல மக்களே. அன்னைக்குப் பூரா நீ போற நினைப்புதான், கை தானா உன் பேரை எழுதியிருக்கும்.

நேத்து அறுப்பின் பண்டிகை. ஆர்ஷாவுக்குத் தனிப்பாட்டு. பாறசாலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆறு பேர், ஆராதனைக்கு வந்த மாதிரி வந்து பொண்ணைப் பாக்க மூணாவது பெஞ்சில உக்காந்திருக்காங்க. அவ அப்பா, நம்ம சபை செக்ரட்டரி ஞானசிகாமணி, வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடையா நடக்காரு. ஆர்ஷா வாயைத் திறந்து பாடுதா, ஸ்பீக்கர்ல சத்தம் வரலை. மெஷின்ல இருந்தது விஜய்குமார். கழக்கூட்டத்துல கம்ப்யூட்டர் வேலை, நீ போன பிறகு நம்ம சபைக்கு வந்தவன், ஒருத்தரையும் தெரியாது. ஒரு வயரைப் பிடுங்கினான், போதகர் மைக் போச்சு. இன்னொண்ணைப் பிடுங்கினான், கீபோர்டு போச்சு. நான் எழும்பி மெஷின் பக்கம் ஓடினேன்.

"ஆன்ட்டீ, ஆர்ஷாவோட வயர் இதுல ஏதாணு?"

"பொண்ணு பேரு மைக் முனையில, மாப்பிள்ளை பேரு மெஷின் முனையில. அதான் முறை. நீ இங்க பாரு, நான் அவ கையில இருக்கதைப் பாக்கேன். வேகம் ஆகட்டு!"

நான் மேடைக்குப் போய்ச் சேரலை, மக்களே. மெஷின் பக்கத்துல சோதிக்க வச்சிருந்த மைக் திறந்து கிடந்தது அவனுக்குத் தெரியலை. "கிட்டிப் போச்சு ஆன்ட்டீ! ஆர்ஷாவோட மாப்பிள்ளை ரதீஷ்!" நாலு ஸ்பீக்கர்லயும் வந்துது. வெளியே ரோட்டுல ஆட்டோக்காரன்கூடத் திரும்பிப் பாத்தான்.

மாப்பிள்ளைக்கு அம்மை எழும்பி, "செக்ரட்டரியே, ஆள் உண்டுன்னு முந்தியே சொல்லியிருந்தா நாங்க எங்க ஊர்க் கோயில்லயே இருந்திருப்போமே" அப்படின்னு சொல்லிட்டு நடந்துட்டா. பின்னாலயே அஞ்சு பேரும். பிரியாணிப் பொதி ஆறும் மிச்சம். அந்நேரம் பாத்து மைக் சரியாச்சு. ஆர்ஷா பாட்டை நிறுத்தல, முழுசும் பாடி முடிச்சுட்டுத்தான் இறங்கினா.

பிறகு ஞானசிகாமணி நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. "ஜெயபாயே, உன் பேப்பர் துண்டுக்கு நான் ஊருக்கெல்லாம் பதில் சொல்லணுமா? தனக்கும் என் மகளுக்கும் ஒண்ணும் இல்லன்னு அந்த ரதீஷ் கைப்பட எழுதித் தரட்டு. வெள்ளிக்கிழமை நான் அதைக் கொண்டு பாறசாலைக்குப் போகணும்." உன் மாமா ஞானையன் எனக்காக ஒரு வார்த்தை பேசணுமே? "இனி நீ ஊறுகாய்ப் பரணியில கூடப் பேரெழுதாண்டாம்" அப்படின்னுட்டு உள்ள போயிட்டாரு.

ஆகையால் என் கண்ணே, நாலு வரி எழுது. "ஆர்ஷா எனக்குத் தங்கச்சி மாதிரி, எழுதினது அத்தையின் கைப்பிசகு" என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடு. பழியை என்மேல் வை, நான் சுமந்துகொள்வேன். கர்த்தர் உன் வேலையையும் வயிற்றையும் காப்பாராக. மெஸ்ஸில் மீன் பழையதாயிருந்தால் தொடாதே.

உனக்காகத் தினமும் முழங்காலிடும்
அத்தை ஜெயபாய்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது விஜய்குமார் மன்னிப்புக் கேட்க வந்தான். "ஆன்ட்டீ, எனக்குத் தமிழ் பேசத்தான் அறியும், வாசிக்க அறியில்ல. லூசா இருந்த வயர்ல அந்த ஒரு பேர்தான் மலையாளத்துல இருந்தது, அதான் வாசிச்சேன்" என்கிறான். எனக்கு மலையாளத்தில் ஒரு எழுத்துகூட எழுத வராது! சாவியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். அந்த முனையில் நான் ஒட்டினது அப்படியே இருக்கு, "இன்னும் ஆகலை"ன்னு எழுதியிருக்கேன். அதுக்கு மேல வேற ஒரு தாள், அதுலதான் உன் பேர். நம்ம பாடகர் குழுவுல தமிழ்ப் பாட்டை மலையாளத்துல எழுதி வச்சுப் பாடுறது ஒருத்திதான். அலமாரியில இருந்து அவ நோட்டை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தேன், அதே எழுத்து. ஆகையால் மேலே கேட்டதை எழுதாதே. செக்ரட்டரிக்கு ஒன்றுமே எழுத வேண்டாம். உன் மனசில் உள்ளதை ஆர்ஷாவுக்கு எழுது. மலையாளத்தில் எழுது, வெள்ளிக்கிழமைக்குள் வரட்டும்.