மாஸ்கோவுக்கு வளர்த்த தாடி

கோட்டுக்குள்ளிருந்து விக்னராஜாவின் குரல் மட்டும்தான் வந்தது.

"எப்பிடியப்பா இருக்கு?"

மனைவி இரஞ்சிதம் சமையலை விட்டுக் குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்று மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"கோட்டு நல்லாத்தான் இருக்கு. நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"விசர்க்கதை கதையாதை. நீளம் சரியோ எண்டு சொல்லு."

"நிலம் கூட்டத் தேவையில்லை. நீங்கள் ரெண்டுதரம் நடந்தாக் காணும்."

கறுப்புக் கம்பளிக் கோட்டு. கழுத்துப்பட்டி காது வரை ஏறியிருந்தது, கீழ்விளிம்பு கணுக்காலையும் தாண்டி இறங்கியிருந்தது. வீடு முழுக்கப் பூச்சி உருண்டை வாசம். வெளியே சிட்னியின் ஸ்ட்ராத்பீல்ட் வீதியில் செப்டெம்பர் வெயிலுக்கு எதிர்வீட்டுக்காரர் மேற்சட்டை இல்லாமல் புல் வெட்டிக்கொண்டிருந்தார். விக்னராஜாவுக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. ஆனாலும் கோட்டைக் கழற்ற மனம் வரவில்லை.

விக்னராஜா சிட்னியில் அரசாங்கப் பாலங்கள் பிரிவில் பொறியியலாளர். உறைபனியில் காங்கிரீட் எப்படி இறுகும் என்று அவர் எழுதிய கட்டுரையைப் பார்த்து, நவம்பரில் மாஸ்கோவில் நடக்கும் மாநாட்டுக்கு அழைத்திருந்தார்கள். பருத்தித்துறையில் பிறந்த மனிதர் ரஷ்யர்களுக்குக் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் போகிறார். நினைத்தால் அவருக்கே கூச்சமாக இருந்தது. பெருமை அதைவிடக் கூடுதலாக இருந்தது.

மேடையில் பேசப் பயமில்லை. வீதியில் நடக்கத்தான் பயம்.

ஐந்து வருடத்துக்கு முன், எழுபத்து மூன்றில், அவர் இந்த வேலைக்குச் சேர்ந்த நாள் சுடச்சுட ஒரு ஜனவரித் திங்கட்கிழமை. முழு சூட்டும் டையுமாகப் போய் நின்றார். அங்கே பெரியவர் சின்னவர் எல்லோரும் அரைக்காற்சட்டையும் முழங்கால் வரை இழுத்த வெள்ளைக் காலுறையுமாக இருந்தார்கள். "இன்றைக்குக் கோர்ட்டில் வழக்கா?" என்று ஒருவன் அனுதாபமாகக் கேட்டான். மறுநாளே விக்னராஜா அரைக்காற்சட்டைக்கு மாறினார். தோல் நிறத்தை மாற்ற ஏலாது, காலுறையை மாற்றலாம் என்பது அன்றைக்கு அவர் கண்ட உண்மை. அதன் பிறகு எங்கே போனாலும் அந்த ஊர்க்காரனைப் போலவே உடுத்திக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டார்.

அந்த முடிவுக்கு மெல்பர்னிலிருந்து இரஞ்சிதத்தின் தம்பி தேவராஜா தொலைபேசியில் நெய் வார்த்தான்.

"அத்தான், கவனம். என்ரை சிநேகிதன் ஒருத்தன் ரஷ்யாவுக்குக் கப்பலிலை போய் வந்தவன். சப்பாத்தைப் பாத்தே வெளிநாட்டான் எண்டு கண்டுபிடிச்சிடுவாங்களாம். நாலு பேர் சுத்தி நிண்டு, போட்டிருந்த சுவெற்றரையே விலைக்குக் கேட்டவங்களாம்."

"குடுத்தவரோ?"

"குடுத்திட்டு நடுங்கி நடுங்கிக் கப்பலுக்கு வந்தவன்."

அன்று இரவு விக்னராஜா சரியாகச் சாப்பிடவில்லை. இரஞ்சிதம்தான் வழி சொன்னாள்.

"நாலு வீடு தள்ளி நீனா இருக்கிறா. அவவைக் கேளுங்கோவன். ரஷ்யாக்காரிக்குத் தெரியாததே?"

ஸ்ட்ராத்பீல்டில் ரஷ்யர்களுக்குக் குறைவில்லை. அவர்களுக்கென்று ஒரு தேவாலயம், கறுப்புப் பாண் சுடும் பேக்கரி எல்லாம் இருந்தன. நீனா ஸ்டெபானோவ்னாவும் அவள் அண்ணன் கிரிகோரியும் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். இரஞ்சிதம் கொடுத்த தேசிக்காய் ஊறுகாய்க்குப் பதிலாக நீனா வெள்ளரிக்காய் ஊறுகாய் கொடுத்துத் தொடங்கிய பழக்கம் அது.

"ரஷ்ய வீதியில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆண்கள் அங்கே என்ன உடுத்துவார்கள்?" என்று விக்னராஜா கேட்டதும் நீனா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை," என்றாள். பிறகு ஜாம் கரைத்த தேநீர் வந்தது. அதற்குப் பிறகு உத்தரவுகள் வந்தன.

கோட்டு கணுக்கால் வரை இருக்க வேண்டும். அதைத் தேவாலயத்துப் பழந்துணிச் சந்தையில் அவளே தேடி எடுத்துத் தருவாள். சட்டைக்குப் பொத்தான் கழுத்தோரமாகப் பக்கவாட்டில் வர வேண்டும். சட்டையை வெளியே விட்டு இடுப்பில் வார் கட்ட வேண்டும். அதையும் அவளே தைப்பாள். ஆட்டுத்தோல் தொப்பி. காலில் முழங்கால் வரை உயர்ந்த தோல் சப்பாத்து, காற்சட்டை அதற்குள்ளே.

"தாழ்ந்த சப்பாத்து போடக் கூடாதா?" என்று விக்னராஜா மெல்லக் கேட்டார்.

"பனியிலா?" நீனா அவரை இரக்கத்தோடு பார்த்தாள். "இன்னொன்று. தாடி வேண்டும். மழித்த முகத்தோடு போனால் ஒரு மைல் தூரத்திலேயே அந்நியன் என்று தெரிந்துவிடும். சிரிக்கவும் கூடாது. வீதியில் காரணமில்லாமல் சிரிக்கிறவன் ஒன்று குடித்திருப்பான், இல்லாவிட்டால் எதையாவது விற்க வந்திருப்பான்."

அவள் பேச்சில் 'ர' எல்லாம் உருண்டு உருண்டு வந்தன. விக்னராஜாவுக்கு மாஸ்கோவே எதிரில் உட்கார்ந்து பேசுவதைப் போல இருந்தது. மூலையில் கிரிகோரி செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அவர் வாய் திறந்து ஒருவரும் பார்த்ததில்லை.

உயர்ந்த தோல் சப்பாத்து சிட்னியில் ஒரே இடத்தில்தான் கிடைத்தது. குதிரைச் சாமான் விற்கும் கடை.

"என்ன குதிரை வைத்திருக்கிறீர்கள்?" என்று கடைக்காரன் கேட்டான்.

"குதிரை இல்லை."

"பிறகு எதற்கு?"

"மாஸ்கோவுக்கு."

கடைக்காரன் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கட்டிக் கொடுத்துவிட்டான்.

சப்பாத்து காலைக் கடித்தது. இளகட்டும் என்று இரஞ்சிதம் நல்லெண்ணெய் பூசினாள். எண்ணெய் அடிப்பக்கத்துக்கும் இறங்கி, விக்னராஜா குசினி வாசலில் சறுக்கி விழுந்தார். முழங்கால் பிசகிவிட்டது.

"இதோடை விடுங்கோ," என்றாள் இரஞ்சிதம்.

"விடுறதோ? அங்கை போய்ப் பனியிலை விழுறதிலும் பாக்க இஞ்சை விழுந்து பழகிறது நல்லது."

சப்பாத்து காலுக்குப் பழக வேண்டுமே என்று அதை அலுவலகத்துக்கும் போட்டுக்கொண்டு போகத் தொடங்கினார். வெளியே தெரியாமல் இருக்க நீளக் காற்சட்டை. முகத்தில் தாடி, இடது கன்னத்தில் அடர்த்தியாகவும் வலது கன்னத்தில் யோசித்து யோசித்தும் வளர்ந்தது. தாடையில் மட்டும் வெள்ளை. சிரிப்பையும் நிறுத்திவிட்டார். காரணம் கேட்டால் கேலி செய்வார்கள் என்று ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து வருடமாக அரைக்காற்சட்டையோடு எல்லோருக்கும் பல்லைக் காட்டி வணக்கம் சொன்ன மனிதர், இப்போது தாடியோடு, நொண்டி நொண்டி, ஒரு சிரிப்பில்லாமல் வந்து, நல்லெண்ணெய் மணக்க மேசையில் உட்கார்ந்தார். அலுவலகம் கவலைப்படாமல் என்ன செய்யும்?

மேலதிகாரி டாய்ல் நல்ல மனிதர். விக்னராஜாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"விக், வீட்டில் எல்லோரும் சுகம்தானே?"

"சுகம்," என்றார் விக்னராஜா. முகத்தில் ஓர் அசைவு இல்லை. நீனா பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்.

"ஏதாவது என்றால் என்னிடம் சொல்லலாம்."

"ஒன்றுமில்லை."

அந்த 'ஒன்றுமில்லை' டாய்லை உலுக்கிவிட்டது. வரைபடப் பிரிவில் இருந்த சேஷாத்ரியைத் தனியாகப் பிடித்தார். மாம்பலத்துக்காரரான சேஷாத்ரிதான் அந்தக் கட்டடத்தில் விக்னராஜாவைத் தவிர இருந்த ஒரே தமிழர்.

"உங்கள் ஆட்கள் திடீரென்று தாடி வளர்த்தால் அதற்கு என்ன அர்த்தம்?"

சேஷாத்ரி யோசித்துப் பார்த்துப் பொறுப்பாகவே பதில் சொன்னார். வீட்டில் சாவு விழுந்தால் வளர்ப்பதுண்டு. கோயிலுக்கு நேர்ந்துகொண்டால் வளர்ப்பதுண்டு. மனைவி பிள்ளையாண்டிருந்தாலும் சவரம் செய்யாமல் இருப்பதுண்டு.

டாய்ல் முதலாவதை எடுத்துக்கொண்டார். சேஷாத்ரி வீட்டுக்குப் போய் மனைவி விஜயாவிடம் மூன்றாவதைச் சொன்னார்.

"அவாளுக்கு யூனிவர்சிட்டி படிக்கிற பிள்ளை இருக்கே!" என்றாள் விஜயா.

"அதான் அந்த மனுஷன் வெக்கப்பட்டுண்டு யார்கிட்டயும் சொல்லலை. முகத்தைப் பார்த்தாலே தெரியறது."

வெள்ளிக்கிழமை மாலை இரஞ்சிதம் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். விக்னராஜா அறைக்குள் முழு உடுப்பையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு தம்பதிகள். டாய்லின் மனைவி கையில் வெள்ளை லில்லிப் பூக்கள். விஜயா கையில் சர்க்கரைப் பொங்கல் நிறைந்த பாத்திரமும் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலும்.

"உங்கள் துயரத்தில் நாங்களும் பங்கெடுக்கிறோம்," என்று டாய்லின் மனைவி இரஞ்சிதத்தின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனாவது மாசம் மாமி?" என்று விஜயா இடது கையைப் பிடித்து ஒரு வளையலையும் ஏற்றிவிட்டாள்.

இரஞ்சிதம் இரண்டு கையையும் பார்த்தாள். இரண்டு முகத்தையும் பார்த்தாள்.

"என்ன மாதம்? செப்டெம்பர் முடிஞ்சு ஒக்டோபர்."

"கணக்கு மறந்துடுத்து பாவம்," என்று விஜயா புருஷனிடம் கிசுகிசுத்தாள்.

டாய்லின் மனைவிக்கு விஜயாவின் மலர்ந்த முகமும் பொங்கல் வாசமும் பிடிபடவில்லை. "இறந்தவர் நீண்ட காலம் வாழ்ந்தவரா?" என்று கேட்டாள்.

"ஆர் செத்தது?" என்று இரஞ்சிதம் பதறினாள்.

அந்த நேரம் பார்த்து அறைக்கதவு திறந்தது. ஆட்டுத்தோல் தொப்பி, கணுக்கால் வரை கோட்டு, வார் கட்டிய சட்டை, பாதித் தாடியோடு விக்னராஜா வெளியே வந்தார். டாய்லின் மனைவி லில்லிப் பூவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள்.

"விக்," டாய்ல் வந்து அவர் தோளில் கையை வைத்தார். "நீ கவலைப்படாதே. இந்த நிலைமையில் உன்னைப் பிரயாணம் செய்ய வைக்கக் கூடாது என்று தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். மாஸ்கோவுக்கு ஹென்டர்சன் போகிறான்."

விக்னராஜாவுக்குக் கோட்டுக்குள்ளே உடம்பு ஒரு கணம் குளிர்ந்து போனது. மூன்று வருடம் பாடுபட்டு எழுதிய கட்டுரை. ஹென்டர்சனுக்கு அதன் தலைப்பைக்கூடப் பிழையில்லாமல் வாசிக்க வராது. தான் துக்கத்தில் இல்லை என்று உடனே காட்டியாக வேண்டும். பல நாளாகப் பூட்டி வைத்திருந்த சிரிப்பை முழுவதுமாகத் திறந்துவிட்டார்.

அந்தத் தாடிக்கும் தொப்பிக்கும் நடுவில் திடீரென்று அத்தனை பற்களைக் கண்டு டாய்ல் மெதுவாகச் சேஷாத்ரியிடம் சொன்னார்: "டாக்டரைக் கூப்பிடுவோமா?"

கடைசியில் இரஞ்சிதம்தான் எல்லோரையும் உட்கார வைத்தாள். கையில் ஒற்றை வளையலோடு, நடந்ததை முதலிலிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள். கப்பலில் போன சிநேகிதனின் சுவெற்றர், குதிரைக் கடை, நல்லெண்ணெய், எல்லாம். அவள் முடிப்பதற்குள் டாய்ல் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் சரிந்து சிரித்துக்கொண்டிருந்தார். சேஷாத்ரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமை காலை முதல் வேலையாக உன் பெயரைத் திரும்பப் போடுகிறேன்," என்றார் டாய்ல். "ஹென்டர்சன் கம்பளிக் காலுறை வாங்கிவிட்டானாம். அதை அவனிடமிருந்து நீயே வாங்கிக்கொள்."

அன்றைக்குப் பொங்கலும் புட்டும் மிச்சமில்லாமல் போயின. லில்லிப் பூக்களை இரஞ்சிதம் சாமிப்படத்துக்கு வைத்தாள்.

எல்லோரும் போன பிறகு அவள் சொன்னாள்: "இனியாவது அந்தத் தாடியை எடுங்கோ."

"இவ்வளவு பாடுபட்டு வளத்தது. பிளேன் ஏறுற நேரத்திலை எடுக்கிறதே?"

டாய்ல் சொன்னபடியே திங்கட்கிழமை பெயர் திரும்பி வந்தது. பயணத்துக்கு முந்திய ஞாயிறு, முழு உடுப்போடும் விக்னராஜா நீனாவின் வீட்டுக்குப் போனார். இரஞ்சிதமும் கூடப் போனாள். வீதியில் புல் வெட்டியவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். விக்னராஜா சிரிக்கவில்லை.

நீனா வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தொப்பியை ஒரு விரல் அளவு இடப்பக்கம் சாய்த்தாள். வாரை இறுக்கினாள். வெளிவாசல் படலை வரை நடந்து திரும்பி வரச் சொன்னாள். விக்னராஜா நடந்தார். முழங்கால் பிசகிய நொண்டல்கூட இப்போது ஒரு கம்பீரமாகச் சேர்ந்துவிட்டிருந்தது.

"சரி," என்றாள் நீனா. கண்ணீர் கன்னத்தில் இறங்கிவிட்டது. "இனி உங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்."

தேநீர் வைக்கிறேன் என்று அவள் உள்ளே போனாள். விக்னராஜாவுக்கு மனம் நிறைந்து இருந்தது. இவ்வளவு செய்தவளுக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த கிரிகோரியிடம் குனிந்து கேட்டார்.

"உங்கள் பழைய வீடு மாஸ்கோவில் எந்தப் பக்கம்? சொன்னால் நேரில் போய்ப் பார்த்து, ஒரு படமும் எடுத்துக்கொண்டு வருகிறேன்."

கிரிகோரி செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தார். உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புரட்சிக்காலத்தில் எங்கள் குடும்பம் சீனாவுக்கு ஓடிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது அங்கேதான். ரஷ்யாவை ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை. நீங்கள் போட்டிருப்பது எங்கள் தாத்தாவின் கலியாணப் படத்தில் இருக்கிற உடுப்பு. போய் வந்ததும், அங்கே மனிதர்கள் என்னதான் உடுத்துகிறார்கள் என்று என் தங்கைக்குக் கொஞ்சம் சொல்லுங்கள்."