உள் வயது முப்பத்தேழு

வட்டவளைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொஞ்ச நாளாக யாரும் யாரிடமும் சுகம் விசாரிப்பதில்லை. "ஒங்களுக்கு எத்தனங்க?" என்றுதான் கேட்கிறார்கள். "எனக்கு முப்பத்தஞ்சு" என்கிறாள் அறுபதைத் தாண்டிய கிழவி. "எனக்கும் முப்பத்தஞ்சு" என்கிறாள் போன வருடம் ஓ.எல். பரீட்சை எழுதிய பெண். கிழவி சிரித்துக்கொண்டு போகிறாள். பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போகிறாள். இரண்டு பேர் கையிலும் ஒரே பச்சைப் போத்தல்.

இந்தக் கணக்கை மலைநாட்டுக்கு அருளியவர் அக்கினிச்சித்தர் பிரதாபானந்தர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், மாலையானால் அவருடைய கொட்டகை. முன்னால் ஓமகுண்டம் எரியும். பின்னால் ஆளுயரப் பதாகை. அதில் அவர் பெயருக்கு முன்னால் 'டொக்டர்', 'கலாநிதி', 'காயகல்பச் செம்மல்' என்று மூன்று பட்டங்கள். எங்கே படித்தார் என்று எழுத மட்டும் பதாகையில் இடம் போதவில்லை. வயது நூற்றெட்டாம். பார்த்தால் நாற்பத்தைந்து. மீசைக்கு மை பூசியிருந்தார். காயகல்பம் மீசை வரை எட்டவில்லை போலும்.

"அம்மாமாரே, ஐயாமாரே! ஒங்களுக்கு வயசாகுறது வருசத்தால இல்ல. உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாம எரியுதே ஒரு நெருப்பு, அதால! வெள்ளக்காரன் இப்பத்தான் கண்டுபிடிச்சு 'இன்ஃப்ளமேஷன்'னு பேரு வச்சிருக்கான். நாங்க அத எப்பவோ அணைச்சாச்சு!"

இதில் வேடிக்கை என்னவென்றால், பேச்சில் பாதி உண்மை. உடம்புக்குள் ஆறாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி மனிதனைச் சீக்கிரம் கிழடாக்கும் என்று படித்த வைத்தியர்களும் சொல்கிறார்கள். திருடன் நுழைவதற்கும் நிஜமாக ஒரு வீடு வேண்டுமே.

அந்த நெருப்பை அளக்கச் சித்தரிடம் 'அக்கினிமானி' என்று ஒரு சாமான் இருந்தது. செப்புத் தகடு சுற்றி, சிவப்புப் பட்டு கட்டி, உச்சியில் மயிலிறகு செருகியிருந்தார்கள். நெற்றிக்கு நேரே நீட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம். சின்னக் கண்ணாடியில் ஓர் எண் ஒளிரும். அந்த எண்ணின் வால் பக்கம் குங்குமம் அப்பியிருக்கும். ஒளிர்வதுதான் உங்கள் உள் வயது. அது உங்கள் சொந்த வயதைவிட அதிகமா? ஐயோ, குறைக்க வேண்டும், இந்தாருங்கள் போத்தல். குறைவா? ஆகா, அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், இந்தாருங்கள் போத்தல். போத்தல் இல்லாமல் வீட்டுக்குப் போகிற வயது ஒன்றைச் சித்தர் கண்டுபிடிக்கவே இல்லை.

தோட்டம் முழுவதும் முப்பத்திரண்டுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவே ஒரே செட்டாகிவிட்டதே, இது என்ன கூத்து என்று ஒருவரும் கேட்கவில்லை. யோசிக்கிற வேலையைத்தான் சித்தர் பார்த்துக்கொள்கிறாரே.

ஜீவராணியும் கேட்கவில்லை. அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. முழங்கால் இரண்டும் மலை ஏறும்போது ஒரு பாட்டும் இறங்கும்போது வேறு பாட்டும் பாடும். போதாததற்குச் சீனி வியாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்து முழுகிப் போய் நெற்றியைக் காட்டினாள். முப்பத்துநான்கு! மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

"ஏண்டி, உள்ளுக்குள்ள நான் ஒனக்குத் தங்கச்சிடி. இனிமே என்னைய அக்கான்னு கூப்பிடாத."

போத்தல் மருந்து நல்ல இனிப்பு. ஆஸ்பத்திரி மாத்திரையும் அதுவும் 'மோதிக்கொள்ளும்' என்று சித்தர் சொன்னார். அவள் மாத்திரையை நிறுத்தினாள். அதன் பிறகு இரவில் உள்ளங்கால் எரியத் தொடங்கியது. சித்தரிடம் சொன்னாள். "பாத்தியா, நெருப்பு கால் வழியா வெளியேறுது" என்றார். எவ்வளவு நல்ல மனிதர், எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறார் என்று அவளுக்கு மேலும் பக்தி வந்தது.

அந்தப் பக்தியோடு அவள் ஒரு காரியம் செய்தாள். தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகள் நிஷாந்தியையும், மாப்பிள்ளை மதுரனையும், அவன் தாய் வீரம்மாவையும் ஒரு சனிக்கிழமை மாலை சித்தரிடம் ஆசி வாங்கக் கூப்பிட்டாள்.

நிஷாந்திக்கு இருபத்துநான்கு வயது. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, தலையில் சுற்றிய தடித்த துணியும் அதன் மேல் கூடைக் கயிறுமாக நேரே வந்து நின்றாள். துணியை விலக்கிய கையோடு நெற்றியைக் காட்டினாள். பீப். முப்பத்தேழு.

மதுரனுக்கு இருபத்தொன்பது. ஹட்டனில் பைஸர் முதலாளியின் கோழிக்கடையில் வேலை. ஐஸ் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டக் கடைகளுக்குக் கோழி போடுவான். மலைத் தூறலில் முகம் விறைத்துப்போய் வந்து இறங்கினான். பீப். இருபத்தேழு.

வீரம்மா மெதுவாகக் கழித்துப் பார்த்தாள். பத்து.

"ஏன் சம்பந்தி, பத்து வயசு மூத்த பொண்ணையா என் மகனுக்குத் தள்ளிவிடப் பாத்தீங்க?"

"ஐயையோ சம்பந்தி, அவ பொறந்த பதிவுத் துண்டு வேணும்னா..."

"துண்டு வெளி வயசுக்குத்தானே! உள்ளுக்குள்ள முத்திப் போயிருச்சே!"

"கவலை வேண்டாம்" என்று சித்தர் கைதூக்கினார். "தை மாசத்துக்குள்ள ஒரு பெட்டி போத்தல் குடிச்சா பொண்ணைச் சரிக்கட்டிறலாம்."

"சரிக்கட்டின பொண்ணு எங்களுக்கு வேணாஞ்சாமி" என்று வீரம்மா மகனை இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது தனக்கு ஒரு போத்தல் வாங்க மறக்கவில்லை. அவளுடைய உள் வயது முப்பத்துமூன்று, காப்பாற்ற வேண்டாமா?

அன்றிரவு லயத்து வரிசைவீட்டில் ஜீவராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நிச்சயம் பண்ணிய பெண்ணை வேண்டாம் என்று விட்டால் அடுத்த தோட்டத்துக்காரன் என்ன சொல்வான்? போதாக்குறைக்குக் கணக்குப்படி இப்போது தாய் மகளைவிட மூன்று வயது இளையவள்.

"ஏம்மா, நீ என்னைக்கு நெத்தி காட்டின?" என்றாள் நிஷாந்தி. அவள் அழவில்லை. அதுவே ஜீவராணிக்கு எரிச்சலாக இருந்தது.

"நாயித்துக்கெழம. குளிச்சிட்டு."

"கூட தூக்காம?"

"நாயித்துக்கெழம எவடி கூட தூக்குவா? கல்யாணம் நின்னு கெடக்கு, இவ கூடையப் பத்திப் பேசுறா!"

"வேல முடிஞ்சு அப்படியே போன பொம்பளைங்க எல்லாருக்கும் முப்பத்தாறு, முப்பத்தேழு. நாயித்துக்கெழம போனவங்களுக்கு மட்டும் ஏன் கொறையுது? நாயித்துக்கெழம நெருப்புக்கு லீவா?"

மகள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மதுரனோடுதான் பேசுகிறாள் என்று தெரிந்தது. இடையில் ஒரு சிரிப்பு வேறு கேட்டது. கல்யாணம் நின்றுபோன பெண்ணுக்கு என்ன சிரிப்பு?

மறுநாள் ஞாயிறு. களத்தில் கால் வைக்க இடமில்லை. கொத்மலைப் பக்கமிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். நிஷாந்தி, நேற்று தாய் வாங்கிக் கொடுத்த பச்சைப் போத்தலைக் கூடையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். ஞாயிற்றுக்கிழமை எதற்குக் கூடை என்று கேட்டுக் கேட்டு ஜீவராணியின் தொண்டை வற்றியது. களத்துக்குக் கீழே உள்ள பீலியில் தண்ணீர் ஐஸாகக் கொட்டும். அங்கே நின்று, பல் கிட்டக் கிட்ட முகத்தைக் கழுவினாள். பிறகு நேரே மேலே ஏறிப்போய்ச் சித்தர் முன்னால் கைகூப்பினாள்.

"சாமி, நேத்து முப்பத்தேழுன்னீங்க. போத்தலக் கொண்டுபோனேன். இன்னைக்கு எப்படியிருக்குன்னு பாருங்க சாமி."

இப்படி ஒரு பக்தையை எந்தச் சித்தர் வேண்டாம் என்பார்? நீட்டினார். பீப். அவர் கண்ணே அகன்றது.

"இருபத்துமூணு! ஒரே ராத்திரியில பதினாலு வயசு! அம்மாமாரே, பாத்துக்கங்க! எல்லாம் மருந்தோட மகிமை!"

அரோகரா என்று கூட்டம் எழுந்தது. முன்வரிசையில் வீரம்மா வாயைப் பிளந்தாள். ஜீவராணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நிஷாந்தி கூடைக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்து எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்தாள்.

"மூடிய இன்னும் தொறக்கல சாமி. சீல் அப்படியே இருக்கு."

அரோகரா பாதியில் நின்றது.

"பீலித் தண்ணியில மூஞ்சி கழுவினேன், அவ்வளவுதான். பதினாலு வயசு கொறைக்கிற பீலி நம்ம தோட்டத்துல சும்மாவே கொட்டுது."

"அது... அது உன் நம்பிக்கை, தாயி! போத்தல் வீட்டுல இருந்தாலே..."

"சரி சாமி. இவருக்கும் பாருங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதுரன் வந்தான். தலையில் நிஷாந்தியின் தடித்த துணி காது வரை இறங்கியிருந்தது. அதன் மேல் கூடைக் கயிறு. முதுகில் இன்னொரு கூடை, அதற்குள் இரண்டு கல். லயத்தைச் சுற்றி நாலு முறை ஓடிவிட்டு வந்திருந்தான். களமே சிரித்தது.

"ஆத்தாடி, மாப்பிள்ளை கொழுந்து பறிக்கவா போறாரு?" என்று யாரோ கூவினார்கள்.

சித்தர் கையைப் பின்னால் இழுத்தார். மதுரன் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சாமானை எடுத்தான். மயிலிறகு இல்லை, பட்டு இல்லை. மற்றபடி அக்கினிமானியின் உடன்பிறப்பு. "எங்க மொதலாளி ஃப்ரீசர் சூடு பாக்குறதுங்க. நேத்து அந்தப் பீப் சத்தத்தக் கேட்டப்பவே எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. அம்மா இழுத்த இழுப்புல வாயத் தொறக்க முடியல" என்றான். துணியை விலக்கித் தன் நெற்றிக்கே நீட்டினான். முப்பத்தாறு. சித்தர் குங்குமம் அப்பி மறைத்த இடத்தில் இதில் சூட்டு அளவின் 'C' ஒளிர்ந்தது.

"ஐயோ, என் மகனுக்கு ஒம்பது வயசு ஏறிப் போச்சே!" என்று பழக்கதோஷத்தில் அலறினாள் வீரம்மா.

பிறகு கூட்டத்துக்கு வெறி பிடித்தது. களத்து ஓரத்தில் தேநீர்க் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. கேத்தலுக்கு எண்பத்தெட்டு. "வாங்க பாட்டி" என்று ஒருவன் அதைக் கும்பிட்டான். மதுரன் மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த ஐஸ் பெட்டியிலிருந்து உறைந்த கோழி ஒன்றைத் தூக்கினான். கழித்தல் பன்னிரண்டு.

"இது பொறக்க இன்னும் பன்னெண்டு வருசம் இருக்குங்க!"

"சாமிக்கு! சாமிக்குப் பாரு!"

சித்தர் எழுந்திருப்பதற்குள் மதுரன் அவர் நெற்றிக்கு நேரே நீட்டிவிட்டான். நாற்பத்திரண்டு. நூற்றெட்டுக்கும் பொருந்தவில்லை, அணைத்துவிட்ட நெருப்புக்கும் பொருந்தவில்லை. சித்தர் துள்ளிக் குதித்தார்.

"அது தப்பு! நான் ஓமகுண்டத்துக்குப் பக்கத்துல இவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன்! நெத்தி சூடாத்தானே இருக்கும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. களத்துக்கும் விளங்கியது. நிஷாந்தி போத்தலின் சீலை உடைத்து ஒரு கல்லின் மேல் கொஞ்சம் ஊற்றினாள். பச்சைச் சாயம் போட்ட சீனிப்பாணி. எறும்புகள் வரிசையாக வந்து தங்கள் இளமையைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்கின. கூட்டம் எறும்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, நூற்றெட்டு வயதுச் சித்தர் தேயிலைச் செடிகளுக்கு நடுவே பள்ளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டத்தில் மட்டும் இளமை இருந்தது.

ஜீவராணி கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளும் குடித்தது சீனிப்பாணி. சீனி வியாதிக்காரி, மாத்திரையை நிறுத்திவிட்டுச் சீனிப்பாணி குடித்திருக்கிறாள்.

"அப்ப உள்ளுக்குள்ள எரியிறதுங்கிறது பொய்யாடி?"

"அது நெசம்மா. அத நெத்தியில அடிச்சுப் பாக்க முடியாது, ரத்தத்துலதான் தெரியும்னு நம்ம ஆஸ்பத்திரி லேடி டொக்டர் சொன்னாங்க. நீ கேட்டுக்கிட்டா இருந்த? சீனியக் கொறை, வெத்தலையில பொகையிலைய விடு, பல் ஈறு வீங்கிக் கெடக்கு, அதக் காட்டு, அடுப்புப் பொகை வெளிய போக வழி பண்ணு, கீரையும் பருப்பும் தின்னு, நேரத்துக்குத் தூங்கு. வயச யாரும் கொறைக்க முடியாது, ஆனா நெருப்பத் தணிக்கலாம்னாங்க."

"இதெல்லாம் அவங்க சும்மாவேதானே சொன்னாங்க?"

"சும்மா சொன்னதாலதான் நீ கேக்கல. நாளைக்குக் காலையில மொத வேல ஆஸ்பத்திரி. நான் கூட்டிட்டுப் போறேன்."

அதற்குள் வீரம்மா பக்கத்தில் வந்து நின்று இருமினாள். ஒருமுறை இருமியது போதாமல் இன்னொரு முறை இருமினாள்.

"சம்பந்தி... நேத்து ஏதோ வாய் தவறி... தையில வச்ச நாளு அப்படியே இருக்கட்டுமே?"

ஜீவராணி மகளைப் பார்த்தாள். மாப்பிள்ளை இன்னும் தலைத்துணியை அவிழ்க்கவில்லை. காதோரம் வியர்வை வழிய நின்றான்.

"இருக்கட்டுங்க அத்தே" என்றாள் நிஷாந்தி. "ஆனா நாளைக்கு நீங்களும் எங்களோட ஆஸ்பத்திரிக்கு வரணும். நீங்க காப்பாத்தி வச்சிருக்கிற முப்பத்துமூணுக்கு உள்ள எவ்வளவு சீனி ஏறியிருக்குன்னு பாப்போம்."

வீரம்மா மடியில் செருகியிருந்த போத்தலை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், செடிக்குள் விட்டெறிந்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

சித்தர் அடுத்து எந்த ஊரில் எந்தப் பட்டத்தோடு முளைப்பார் என்று தெரியாது. உங்கள் ஊருக்கு வந்தாலும் வரலாம். அவருடைய சாமான் நெற்றித் தோலின் சூட்டைத்தான் அளக்கும். நெற்றிக்குப் பின்னால் ஒன்று இருக்கிறதே, அதைச் சொந்தக்காரர்தான் எடுத்துப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், தேய்ந்துபோகாது.